கோட்டுப் பைக்குள் அடங்கிய பிரௌனிங்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடுத்தே ஆகவேண்டும் என்று பேரவைச் செயலாளர் ஒரு மாதமாக என் பின்னால் அலைந்தார். கவிதை எனக்கு வராது. நகைச்சுவைத் துணுக்கு எழுத மின்னியல் பிரிவு நண்பர்கள் இருக்கிறார்கள். நான் இயந்திரவியல்காரன். எனக்குத் தெரிந்ததெல்லாம் லேத், ஷேப்பர், அரம், வெர்னியர். ஆகவே ஒரு இயந்திரத்தையும், அதோடு பழகி அதனாலேயே வாழ்க்கை திசை மாறிய ஒரு மனிதரையும் பற்றி எழுதலாம் என்று துணிந்துவிட்டேன். மனிதர் வ.வே.சு. ஐயர். இயந்திரம், கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்னக் கைத்துப்பாக்கி.

ஐயரை நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாகத் தெரியும். தமிழின் முதல் சிறுகதை எது, எழுதியவர் யார்? குளத்தங்கரை அரசமரம், வ.வே.சு. ஐயர். அவ்வளவுதான். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் இரவு விடுதியில் நடந்த சண்டைதான் இதற்கெல்லாம் ஆரம்பம். சினிமா பார்த்துவிட்டு வந்தோம். கதாநாயகன் இடுப்பிலிருந்து ஒரு பெரிய துப்பாக்கியை உருவுகிறான். அவ்வளவு பெரிய சாமானைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவன் எப்படிப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தான் என்று ஒருவன் கேட்டான். பிடித்தது சனி. ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா, எது பையில் துருத்தாது, எது அவசரத்துக்கு உதவும் என்று விடிய விடிய வாக்குவாதம். மறுநாள் பட்டறையில் அரம் போடும்போதும் அதே பேச்சு. பயிற்றுநர் சார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தோம். திட்டவில்லை. நம்மூர்ப் பக்கத்திலேயே, பாண்டிச்சேரியில், இதே கேள்வியை உண்மையாகவே யோசித்த ஒரு ஆள் இருந்தார், முதலில் அவரைப் படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. என் ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் தொண்டூர். சமண முனிவர்கள் தங்கிய பாறையும் கல்படுக்கைகளும் பழைய பிராமிக் கல்வெட்டும் உள்ள ஊர். எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள் படுத்த பாறைக்குக் கொஞ்ச தூரத்தில்தான் என் தாய்மாமாவின் மல்லாட்டைக் கொல்லை. பன்றித் தொல்லைக்காக அவர் ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். லைசென்ஸ் கிடையாது. வைக்கோல் போருக்குள் செருகி வைத்திருப்பார். ஒருநாள் கரிமருந்து கூடிப்போய்க் குழல் வெடித்ததில் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. தவிடு மெஷினில் மாட்டிக்கொண்டதாக ஊருக்குச் சொன்னோம். வீட்டில் எல்லோருமே சேர்ந்து சொன்னோம். மறைத்து வைத்த ஒரு பொருளுக்காக ஒரு குடும்பமே பொய் சொல்லப் பழகியதை நான் கண்ணால் பார்த்தவன். அதனால் சார் சொன்னதும் நான் மட்டும் நிஜமாகவே நூலகத்துக்குப் போனேன்.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881 ஏப்ரல் 2-இல் பிறந்தவர். வரகனேரி திருச்சியில் இருக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் பட்டம், பிறகு வக்கீல் பரீட்சை, திருச்சி கோர்ட்டில் தொழில். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது; மனைவி பாக்கியலட்சுமி. 1906-இல் தொழிலுக்காக ரங்கூன் போனார். அங்கிருந்து 1907-இல் லண்டன். லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்து பாரிஸ்டர் ஆகி, கைநிறையச் சம்பாதித்து ஊர் திரும்ப வேண்டும் என்பதுதான் திட்டம். நம்மில் பலர் டிப்ளமோ முடித்து வளைகுடாவுக்குப் போக நினைப்பதுபோலத்தான். சாதாரண, நியாயமான ஆசை.

லண்டனில் ஹைகேட் பகுதியில் இந்தியா ஹவுஸ் என்று ஒரு மாணவர் விடுதி. சியாம்ஜி கிருஷ்ணவர்மா நடத்தியது. அங்கே சாவர்க்கர் இருந்தார். ஐயரும் போய்ச் சேர்ந்தார். அந்த விடுதி மெஸ்ஸில் நடந்த வாக்குவாதங்கள் நம் விடுதி வாக்குவாதம் மாதிரி இல்லை. ஊரில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? தூத்துக்குடியில் வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். 1908-இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. வக்கீல் ஒருவர் கோயம்புத்தூர் சிறையில் செக்கு இழுத்தார். மனுப் போட்டு ஆகாது என்று லண்டன் பையன்கள் முடிவு கட்டியதற்கு இந்த மாதிரிச் செய்திகள்தான் காரணம்.

முதலில் அவர்கள் வெடிகுண்டைத்தான் நம்பினார்கள். பாரீஸிலிருந்து செய்முறைக் குறிப்புகூட வந்தது. ஆனால் 1908 ஏப்ரல் 30-இல் முசாபர்பூரில் என்ன ஆயிற்று? குதிராம் போஸும் பிரபுல்ல சாகியும் நீதிபதி கிங்ஸ்போர்டின் வண்டி என்று நினைத்துக் குண்டு வீசினார்கள். வண்டிக்குள் இருந்தவர்கள் கென்னடி என்ற வக்கீலின் மனைவியும் மகளும். இரண்டு பெண்களும் செத்தார்கள். கிங்ஸ்போர்டு பிழைத்தார். குதிராமைத் தூக்கில் போட்டபோது அவனுக்குப் பதினெட்டு வயது. நம் முதலாம் ஆண்டுப் பையன் வயது! குண்டுக்கு ஆள் தெரியாது. ஆளைப் பார்த்து அடிக்க வேண்டுமென்றால் துப்பாக்கிதான். அதுவும் மறைத்து எடுத்துப்போகிற துப்பாக்கி.

இங்கேதான் நம்ம பாடம் வருகிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அதுவரை இருந்த ரிவால்வரில் ஆறு குண்டுகளைச் சுமக்கும் உருளை ஒன்று நடுவில் சுழலும். எவ்வளவு சின்னதாகச் செய்தாலும் அந்த உருளையின் பருமன் பையில் துருத்திக்கொண்டு தெரியும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி வேறு, உருவும்போது துணியில் மாட்டும். இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தவர் ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர். 1855-இல் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊரில், துப்பாக்கி ரிப்பேர் செய்கிற தகப்பனாருக்குப் பிறந்தவர். காலேஜ் படிப்பெல்லாம் கிடையாது. பட்டறைதான் காலேஜ். அவர் வடிவமைத்த கைத்துப்பாக்கியைப் பெல்ஜியத்தில் லியேழ் நகரத்துக்குப் பக்கத்தில் எர்ஸ்டால் ஊரில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை 1900 முதல் தயாரித்து விற்றது.

அதில் உருளை இல்லை. ஏழு குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கைப்பிடிக்குள்ளேயே அடுக்கி நிற்கும். ஆகவே மொத்தமும் தட்டை. குண்டு வெடிக்கும்போது பின்னால் உதைக்கிற சக்தி இருக்கிறதே, அதையே வேலை வாங்கினார் மனுஷன். அந்த உதையில் மேல்மூடி பின்னால் போய்க் காலித் தோட்டாவை வெளியே தள்ளும். ஸ்பிரிங் அதைத் திருப்பி முன்னால் தள்ளும்போது அடுத்த தோட்டா தானாக உள்ளே ஏறிவிடும். வேறு பூட்டு கிடையாது, கொக்கி கிடையாது. மூடியின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் எல்லாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எடையையும் ஸ்பிரிங்கையும் மட்டும் நம்பினால் தோட்டா பலமாக இருக்கக் கூடாது. பலமான தோட்டாவுக்கு மூடியைப் பூட்டிவைக்கும் அமைப்பு வேண்டும், துப்பாக்கி கனத்துவிடும். அதனால்தான் 7.65 மில்லிமீட்டர் என்ற மெலிந்த தோட்டா. 1906-இல் வந்த இன்னும் சின்ன மாடலில் 6.35 மில்லிமீட்டர், துப்பாக்கியின் மொத்த நீளமே சுமார் 11 சென்டிமீட்டர். உள்ளங்கையில் மறைந்துவிடும்! பையிலேயே வெடித்துவிடாமல் இருக்க, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால்தான் சுடும்படி ஒரு தடுப்பும் அதில் உண்டு.

பட்டறையில் சார் அடிக்கடி சொல்வார், ஒரு அளவைக் குறைத்தால் இன்னொரு இடத்தில் ஒன்று கூடும் என்று. இங்கேயும் அதேதான். குழல் குட்டை. குறிபார்க்கும் முன்பின் முனைகளுக்கு இடையே தூரம் குறைவு. தோட்டா மெலிவு. ஆக, இதை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. எதிராளியின் மூச்சுக்காற்று படுகிற தூரத்துக்குப் போக வேண்டும். கடைசி நிமிஷம் வரை துப்பாக்கி மறைந்திருக்கும். ஆனால் வைத்திருப்பவன் எதிராளியின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். விடிய விடிய வாக்குவாதம் செய்தோமே, நாங்கள் யோசிக்காமல் விட்டது இதைத்தான்.

லண்டனில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் காசு கொடுத்துச் சுட்டுப் பழகும் கூடம் ஒன்று இருந்தது. மதன்லால் திங்ரா என்ற எஞ்சினியரிங் மாணவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அங்கே போய்ப் பழகினார். நம் இனம்தான், யூனிவர்சிட்டி காலேஜில் படித்தவர். 1909 ஜூலை 1 அன்று மாலைகூட அங்கே பழகிவிட்டு, இரவு ஒரு விருந்துக் கூட்டத்துக்குள் மரியாதையான உடையில் நுழைந்து கர்சன் வைலியைச் சுட்டார். தடுக்க வந்த லால்காகா என்ற பார்ஸி டாக்டரும் செத்தார். ஆளைப் பார்த்து அடிக்கிற ஆயுதம் என்றார்களே, அதுவும் வழியில் நின்ற ஒருவரைக் கொண்டுபோயிற்று. ஆகஸ்ட் 17-இல் திங்ராவுக்குத் தூக்கு. ஐயரும் அதே கூடத்தில் பழகியவர் என்று லண்டன் போலீஸ் குறித்து வைத்தது. அதே வருஷம் சாவர்க்கர் இருபது பிரௌனிங் துப்பாக்கிகளைப் பெட்டியின் கள்ள அடித்தட்டில் வைத்துச் சதுர்புஜ் அமீன் என்பவர் மூலம் பம்பாய்க்கு அனுப்பினார். அதில் ஒன்றுதான் டிசம்பர் 21-இல் நாசிக்கில் நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. சுட்டவன் அனந்த் கன்ஹரே. அவனும் பள்ளிக்கூட மாணவன்தான்.

நடுவில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த 1909 அக்டோபரில் லண்டனில் இந்தியர்கள் விஜயதசமி விருந்து வைத்தார்கள். தலைமை தாங்க, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியை அழைத்தார்கள். அரசியல் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர் ஒத்துக்கொண்டார். சமையல் நடக்கும் இடத்துக்கு முன்னாடியே வந்து, யாரென்று தெரியாமலேயே பாத்திரம் கழுவிக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாராம். தலைவரே இவர்தான் என்று பிற்பாடுதான் பையன்களுக்குத் தெரிந்ததாம். ஐயரின் நண்பர் டாக்டர் ராஜன் வழியாக வந்த கதை இது. ஒரே பந்தியில் காந்தி, சாவர்க்கர், ஐயர். எனக்கு இந்தக் காட்சியை நினைத்தால் உடம்பு சிலிர்க்கும்.

1910 மார்ச்சில் சாவர்க்கர் லண்டனில் பிடிபட்டார். ஐயர் மீதும் வாரண்டு. பாரிஸ்டர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, உதறிவிட்டு ஓடினார். ஓடிய கதையைச் சினிமாவாகவே எடுக்கலாம். தாடி வளர்த்து சீக்கியர் வேஷம் போட்டாராம். பெட்டியின் மேல் வி.வி.எஸ். என்ற எழுத்துகள். சந்தேகப்பட்ட உளவாளியிடம் வீர விக்கிரம சிங் என்று சட்டென்று ஒரு பெயரைச் சொல்லித் தப்பித்ததாகச் சொல்வார்கள். பாரீஸ் போய் மேடம் காமாவோடு இருந்தார். அந்த ஜூலையில் சாவர்க்கர் மார்சேல் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கடலில் குதித்தபோது, காரில் காத்திருக்க வேண்டிய காமாவும் ஐயரும் கொஞ்சம் தாமதித்து வந்து சேர்ந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் சோகம். வருஷக் கடைசியில் முஸ்லிம் வேஷத்தில் ஐயர் பாண்டிச்சேரி வந்து இறங்கினார். அங்கே பாரதி இருந்தார். அரவிந்தர் இருந்தார். பிரெஞ்சுக்காரர் ஊர் என்பதால் பிரிட்டிஷ் போலீஸ் எல்லைக்கு வெளியே நின்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

1911 ஜனவரியில் அவரைத் தேடி ஒரு இளைஞன் வந்தான். செங்கோட்டைக்காரன். புனலூரில் காட்டிலாகாவில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். மனைவி பெயர் பொன்னம்மாள். அவன் பெயர் வாஞ்சிநாதன். வயது இருபத்தைந்து. கருவடிக்குப்பம் பக்கத்துத் தோப்புகளில் ஐயர் அவனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். இதைப் பிற்பாடு 1918-இல் வந்த ரௌலட் கமிட்டி அறிக்கையிலேயே எழுதிவைத்தார்கள்.

நான் போன வருஷம் திண்டிவனம் வழியாகப் பாண்டிச்சேரி போய்க் கருவடிக்குப்பத்தில் இறங்கினேன். சித்தானந்தர் கோயில் இருக்கிறது. தோப்பு பெயரளவுக்குத்தான். வீடுகளும் கடைகளும்தான் அதிகம். ஒரு பெட்டிக்கடை நிழலில் நின்று யோசித்துப் பார்த்தேன். கம்பனையும் லத்தீனையும் படித்த முப்பது வயது மனிதர், தன்னைவிட ஐந்து வயது சின்னவனின் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தி, கையை ஆட்டாதே என்று சொல்லியிருப்பார். வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நமக்கு லேத்தில் சார் சொல்லிக்கொடுக்கிற மாதிரியேதான் இருந்திருக்கும். பையனின் உயிரும் அதோடு போகும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தே நடந்த பாடம் அது.

1911 ஜூன் 17, காலை பத்தரை மணி தாண்டிய நேரம். மணியாச்சி ஜங்ஷன். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவி மேரியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். கொடைக்கானலில் இருந்த குழந்தைகளைப் பார்க்கப் போகிறார்கள். போட் மெயிலுக்காக வண்டி காத்திருந்தது. குடுமி வைத்து, நல்ல கோட்டு போட்ட ஒரு ஆள் பெட்டிக்குள் ஏறினான். பிளாட்பாரத்தில் அத்தனை பேர் இருந்தும் அவன் கோட்டுப் பையில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். புருஷனும் பெண்சாதியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கை எட்டும் தூரம். சுட்டான். ஓடிப்போய்க் கழிவறைக்குள் புகுந்து தன் வாய்க்குள்ளேயே சுட்டுக்கொண்டான். அத்தனையும் சில நிமிஷங்களில் முடிந்துவிட்டது.

பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்கு ஐந்து நாள் இருந்த சமயம் அது. அந்த ராஜாவை மாட்டிறைச்சி தின்னும் பஞ்சமன் என்று அந்தக் கடிதம் வைதது. நண்பர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நாட்டுக்காக உயிரை விட்ட ஒருவன் எதிரியைத் திட்ட எடுத்த சொல், நம் ஊரிலேயே லட்சக்கணக்கான பேரைக் குறிக்கிற சொல். என் அறைத் தோழனையும் குறிக்கிற சொல். தியாகத்தை நான் மறுக்கவில்லை. வாஞ்சி மணியாச்சி என்று ஸ்டேஷனுக்குப் பெயர் வைத்ததும் தகும். ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டு அன்று இரவு மெஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார எனக்கு ஒருமாதிரி இருந்தது. சொல்லியே விட்டேன். அவன் சிரித்துவிட்டு, முதலில் ரசத்தை ஊற்றிக்கோ என்றான்.

விசாரணையில் பதினான்கு பேரைப் பிடித்தார்கள். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். போலீஸ் வருவதற்குள் தர்மராஜ ஐயர் விஷம் குடித்தார், வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டார். ஐயரைப் பிரிட்டிஷாரால் தொட முடியவில்லை. ஆனால் அவராலும் பாண்டிச்சேரி எல்லையைத் தாண்ட முடியவில்லை. பத்து வருஷம்! வரகனேரி அங்கிருந்து ஒரு இரவுப் பயணம்தான், போக முடியாது. உலகத்திலும் அதே பிரௌனிங் சும்மா இருக்கவில்லை. 1914 ஜூன் 28-இல் சராயேவோவில் பிரின்சிப் என்ற பத்தொன்பது வயது மாணவன் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது எஃப்.என். தொழிற்சாலையின் 1910 மாடலால்தான். முதல் உலக யுத்தம் அதில் மூண்டது. அதே யுத்தத்தைக் காரணம் காட்டி, ஐயரையும் பாரதியையும் பிரெஞ்சு எல்லையை விட்டே வெளியேற்ற வேண்டும் என்று பிரிட்டிஷார் நெருக்கினார்கள்.

அந்தப் பத்து வருஷத்தில்தான் நமக்குத் தெரிந்த வ.வே.சு. ஐயர் உருவானார். திருக்குறள் முழுவதையும் இங்கிலீஷில் பெயர்த்தார், 1916-இல் வெளிவந்தது. கம்பனில் மூழ்கினார். குளத்தங்கரை அரசமரம் எழுதியதும் அப்போதுதான். ஒரு மரம் கதை சொல்கிறது. ஆர்பத்நாட் பேங்கி முறிந்து அப்பாவின் பணம் போனதால், புகுந்த வீட்டார் ஒதுக்கிவிட்ட ருக்மிணி என்ற சின்னப் பெண் குளத்தில் மூழ்கிச் சாகிறாள். துப்பாக்கி பழகிக்கொடுத்த கை இப்படி எழுதியதா என்று ஆச்சரியமாக இருந்தது. ஆஷ் கொலையை நினைத்து அவர் என்ன எண்ணினார் என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தது அந்த அரசமரம்தான். கிட்டத்தில் நின்று ஒரு சாவைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிற மரம். இது என் ஊகம்; தமிழாசிரியர்கள் மன்னிக்கவும்.

1920-இல் பொது மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார். துப்பாக்கிக்குத் திரும்பவில்லை, காங்கிரஸில் சேர்ந்தார். சென்னையில் தேசபக்தன் பத்திரிகைக்கு ஆசிரியர். 1921-இல் அதில் வந்த ஒரு தலையங்கத்துக்காக ஒன்பது மாதம் பெல்லாரி சிறை. அங்கே உட்கார்ந்து கம்பராமாயணத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பெரிய ஆராய்ச்சியே எழுதி முடித்தார். கொலைக்குப் பயிற்சி கொடுத்தபோது சிறை இல்லை, தலையங்கத்துக்குச் சிறை! விதி இப்படியெல்லாம் கணக்குப் போடும் போல.

விடுதலையானதும் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் ஆரம்பித்தார். கல்வியும் கைத்தொழிலும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம், ஒருவகையில் நம் பாலிடெக்னிக்குக்கு மூதாதை. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி முதலில் ஐயாயிரம் கொடுத்தது. ஆனால் அங்கே பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்குத் தனிச் சாப்பாடு. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், இனிமேல் சேருகிறவர்கள் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்றார் ஐயர். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த விஷயம் வெளியே வந்ததில் நம்ம பக்கத்துக்கும் பங்கு உண்டு. திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அந்தக் குருகுலத்தில் படித்தான். தண்ணீர்ப் பானை விஷயத்தில் தன்னை ஒதுக்கியதை அப்பாவிடம் வந்து சொன்னான் என்பார்கள். அந்த ரெட்டியார்தான் பிற்பாடு 1947-இல் சென்னை மாகாண முதல் மந்திரி ஆனார். பெரியார் அப்போது காங்கிரஸ் செயலாளர். மீதிப் பணத்தைத் தர மறுத்தார். வரதராஜுலு நாயுடுவும் பத்திரிகையில் எழுதித் தள்ளினார். தமிழ்நாட்டு அரசியலே அந்தப் பந்தியில் இரண்டாகப் பிரிந்தது என்றால் மிகையில்லை.

எனக்கு ஐயரிடம் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவர் பக்கம் நான் இல்லை. லண்டன் விருந்தில் காந்தி கழுவிய பாத்திரத்தில் சாப்பிட்டவர், வேஷம் மாற்றி முஸ்லிமாகக் கப்பலேறியவர், எல்லையைத் தாண்டத் தெரிந்தவர். இரண்டு பையன்களின் இலையை நகர்த்திப்போட மட்டும் அவரால் முடியாமல் போயிற்று. வாக்கு என்றால் வாக்குதான் என்ற பிடிவாதம். அதே பிடிவாதம்தான் அவரை லண்டனிலிருந்து பாண்டிச்சேரிவரை கொண்டுவந்தது என்பதும் உண்மை. கடைசியில் பொறுப்பிலிருந்து விலகினார்.

1925 ஜூன் முதல் வாரம். குருகுலப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாபநாசம் போனார். கல்யாண தீர்த்தம் அருவி. மகள் சுபத்திரா அருவியின் ஓடையைத் தாண்டப் போய்த் தண்ணீரில் விழுந்துவிட்டாள். ஐயர் பின்னாலேயே குதித்தார். இரண்டு பேரும் திரும்பவில்லை. அவருக்கு நாற்பத்து நான்கு வயது. மகள் தண்ணீரில் போவாள் என்று பத்து வருஷத்துக்கு முன்னாலேயே அந்த அரசமரம் கதையில் எழுதியிருந்தாரே என்று நினைக்கும்போது மனது என்னவோ செய்கிறது. மறு வருஷம், 1926 நவம்பரில், லியேழ் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் ஜான் பிரௌனிங்கும் இறந்தார். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது இந்தக் கதை முழுவதையும் திண்ணையில் உட்கார்ந்து மாமாவுக்குச் சொன்னேன். பிரௌனிங் வேலை செய்கிற விதத்தைக் கரியால் தரையில் வரைந்துகூடக் காட்டினேன். மூன்று விரல் உள்ள கையால் வெற்றிலையைத் தடவிக்கொண்டே கேட்டார். மணியாச்சியில் அந்த வெள்ளைக்கார அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வேறொன்றும் பேசவில்லை. எழுந்து மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனார். அந்தப் போர் இப்போது பாதிதான் இருக்கிறது, கோடைக்குள் தீர்ந்துவிடும்.